பழைய ஃபைபர் படகின் தளத்தடி ஃபோம் நீர் ஏறிக் கிடக்கிறது: உலர்த்தலாமா, வெட்டி எடுத்தே ஆக வேண்டுமா?

ஏரிக்காற்று (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள, ஏறக்குறைய 30 ஆண்டுப் பழமையான ஃபைபர் படகு. பின்பலகையில் ஒற்றை அவுட்போர்டு எஞ்சின் பூட்டப்பட்டுள்ளது. தரைத்தளத்துக்கும் அடிக்கூட்டுக்கும் இடைப்பட்ட வெற்றிடம் முழுவதும், படகு மூழ்காமல் இருப்பதற்காகக் கட்டிய காலத்திலேயே மஞ்சள் நிறப் பாலியூரித்தேன் ஃபோம் ஊற்றி நிரப்பப்பட்டிருக்கிறது.

நான் வாங்கியபோது, படகு நீரில் நிற்கையில் தளத்து நீர் வெளியேறும் துளைகள் நீர்மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே இருந்தன. இப்போது இருவர் பின்பக்கம் வந்து நின்றாலே அந்தத் துளைகளின் வழியாக வெளிநீர் உள்ளே வருகிறது. எஞ்சினும் மாறவில்லை, புரொப்பெல்லரும் மாறவில்லை; ஆயினும் படகு நீரைவிட்டு எழுந்து ஓடத் தொடங்குவதற்கு முன்பைவிட நெடுநேரம் ஆகிறது. கரையேற்றிப் பின்பக்கத்து வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டால், மூன்று நாள் கழித்தும் சொட்டுவது நிற்கவில்லை. இருக்கைக் காலின் திருகு ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். அது துருவேறி, ஈர ஃபோம் துகள்கள் ஒட்டிய நிலையில் வெளியே வந்தது.

எனக்கு இந்தப் படகை விற்றவர், இது மூடிய அறைகளை (ஒன்றோடொன்று இணையாத நுண்குமிழ்களை) கொண்ட ஃபோம் என்பதால் நீரை உறிஞ்சவே உறிஞ்சாது, அடியில் தேங்கிய நீர்தான் சொட்டுகிறது, முன்பக்கத்தை உயர்த்தி வெயிலில் நிறுத்தினால் ஒரு மாதத்தில் காய்ந்துவிடும் என்று உறுதியாகச் சொன்னார். ஆறு வாரம் அப்படியே நிறுத்தினேன். படகு மீண்டும் நீரில் இறங்கியபோது அதே ஆழத்துக்குத்தான் அமிழ்ந்தது. தளத்தை வெட்டுவது சிறிய வேலையன்று என்பதால், அதில் கை வைக்கும் முன் ஃபோம் உண்மையிலேயே நீரை ஏற்றிருக்கிறதா என்பதை உறுதியாக அறியும் வழி உண்டா? ஏற்றிருந்தால் உலர்த்த வழியே இல்லையா?

உளிச்சத்தம்

வணக்கம் நண்பரே. நீங்கள் கூறிய அறிகுறிகள் எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. எனினும் அறிகுறியை மட்டும் நம்பித் தளத்தில் ரம்பத்தை வைக்க வேண்டாம். எடைபோட்டுப் பார்த்தால் ஐயத்துக்கு இடமிராது.

முதலில் படகை டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றுங்கள். பிறகு டிரெய்லரை மட்டும் தனியே எடைபோடுங்கள். கிடைக்கும் வேறுபாட்டிலிருந்து எஞ்சின், பேட்டரி, தொட்டியிலுள்ள எரிபொருள், நங்கூரம், கயிறு ஆகியவற்றின் எடையைக் கழித்தால் வெற்றுப் படகின் எடை கிடைக்கும். தயாரிப்பாளரின் பழைய விவரக் குறிப்பில் உள்ள எடையோடு அதை ஒப்பிடுங்கள். பழைய படகுகளில் பின்னாளில் பூசிய ரெசின், கூடுதல் பொருத்துகள் போன்றவற்றால் சில பத்துக் கிலோ கூடியிருப்பது இயல்பு. அதற்குமேல் மிகுவதற்கு நீர்தான் காரணமாக இருக்கும்.

அடுத்தது இதைவிடத் துல்லியமான சோதனை. தளத்தில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளைகள் மூன்று வெட்டுங்கள்: ஒன்று பின்பலகைக்கு அருகில், ஒன்று நடுவில், ஒன்று அணியத்தின் (படகின் முன்முனையின்) பக்கம். அந்தத் துளையின் வழியாகப் பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு கனசதுரத்தை வெட்டி எடுக்க முடியும். அதன் கொள்ளளவு சரியாக ஒரு லிட்டர். படகுகளில் பொதுவாக ஊற்றப்படும் பாலியூரித்தேன் ஃபோமின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 32 கிலோ. எனவே உலர்ந்த ஒரு லிட்டர்த் துண்டு 32 கிராம் அளவில்தான் இருக்க வேண்டும். அதற்குமேல் உள்ள ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர் நீர். சமையலறைத் தராசே இதற்குப் போதும். வேலை முடிந்தபின் துளைகளைத் திருகு மூடிகளால் அடைத்துவிடலாம். பிற்காலத்தில் உள்ளே எட்டிப் பார்க்கவும் அவை உதவும். வெட்டும்போது ரம்பம் தளத்தின் தடிமனைத் தாண்டி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிபொருள் குழாயும் மின்கம்பிகளும் ஃபோமுக்குள் புதைந்து செல்வது இத்தகைய படகுகளில் வழக்கம்.

மூடிய அறை ஃபோம் நீரை உறிஞ்சாது என்பது புதிய ஃபோமைப் பொறுத்தவரை பெருமளவு உண்மை. ஆனால் பாலியூரித்தேன் அறைகளின் சுவர்கள் மிக மெல்லியவை; நீர் அவற்றைக் கடக்காவிட்டாலும் நீராவி மெல்ல மெல்லக் கடக்கும். பகலில் ஒரு பக்கம் சூடேறி இரவில் குளிரும்போது, உள்ளே புகுந்த ஆவி குளிர்ந்த அறைகளில் நீராகத் தங்கிவிடுகிறது. அலையில் படகு மோதும் ஒவ்வொரு முறையும் சில சுவர்கள் உடைகின்றன. குளிர்நாடுகளில் உறைபனியும் அவற்றை உடைக்கிறது. ஆண்டுக்கணக்கில் தேங்கிய நீரில் ஊறிக் கிடக்கும் ஃபோம் இப்படித்தான் நீரால் நிறைகிறது. உள்ளே போன வேகத்திலேயே அந்த நீர் வெளியே வர வேண்டும் என்றால் அதற்கும் ஆண்டுகள் ஆகும்; அதுவும் எல்லாப் பக்கமும் காற்றுப் பட்டால்தான். மேலே ஃபைபர், கீழே ஃபைபர் என்று அடைபட்ட இடத்தில் அது நடக்காது. தயவுசெய்து அடிக்கூட்டில் துளையிட்டு வடிக்க முயல வேண்டாம். ஃபோமுக்கு வெளியே தேங்கிய நீர் மட்டுமே அதில் வடியும். நீர்மட்டத்துக்குக் கீழே புதிய துளைகள்தான் மிஞ்சும்.

ஏரிக்காற்று

மிக்க நன்றி ஐயா. நீங்கள் கூறியபடியே செய்து பார்த்தேன். விவரக் குறிப்பின்படி வெற்றுப் படகின் எடை 420 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்ததில் இப்போது 650 கிலோ வருகிறது. அதாவது 230 கிலோ மிகுதி. மூவர் எந்நேரமும் தளத்தடியில் படுத்திருப்பதைப் போன்ற சுமையைச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாள் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு லிட்டர்த் துண்டுகளின் எடையும் பார்த்துவிட்டேன். பின்பக்கத்துத் துண்டு 640 கிராம், நடுத்துண்டு 370 கிராம், அணியத்துப் பக்கத் துண்டு 60 கிராம். பின்பக்கத்துத் துண்டைக் கையால் பிழிந்தபோது பஞ்சிலிருந்து வடிவதைப் போல நீர் வடிந்தது. தளத்தடி வெற்றிடத்தைத் தோராயமாக 3 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம், சராசரி 15 சென்டிமீட்டர் ஆழம் என்று கொண்டால் 0.58 கனமீட்டர் ஆகிறது. மூன்று துண்டுகளின் சராசரியைக் கொண்டு கணக்கிட்டால் ஃபோமில் உள்ள நீர் 190 கிலோ அளவில்தான் வருகிறது. மீதி 40 கிலோ எங்கே போயிற்று என்பது புரியவில்லை. முன்பகுதி ஓரளவு நன்றாக இருப்பதால் பின்பாதியை மட்டும் எடுத்தால் போதுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மரமும் ரெசினும்

மூன்று துண்டுகளை வைத்துப் போட்ட கணக்கில் அந்த அளவு வேறுபாடு வருவது இயல்பே. ஆயினும் அதில் ஒரு பகுதி மரத்துக்குள் இருக்கக்கூடும் என்று அஞ்சுகிறேன். உங்கள் படகின் வயதில் உள்ளவற்றில் தளத்தைத் தாங்கும் நீளவாக்கு ஸ்ட்ரிங்கர்களும் பின்பலகையின் உள்ளீடும் பெரும்பாலும் ஃபைபர் போர்த்திய பிளைவுட்டே. தளத்தைத் திறப்பதற்கு முன்பே இதைச் சோதிக்கலாம். பின்பலகையின் உட்புறத்தில் தாழ்வான இடம் பார்த்துச் சிறிய துளையிட்டு, துரப்பணத்தில் ஒட்டிவரும் தூளைப் பாருங்கள். வெளிர்நிறத்தில் உலர்ந்து உதிர்ந்தால் மரம் நன்றாக உள்ளது. கறுத்து, ஈரமாக, புளித்த நாற்றத்தோடு வந்தால் இற்றுவிட்டது. பின்பலகைதான் எஞ்சினின் எடையையும் தள்ளுவிசையையும் தாங்குகிறது. அதை ஐயத்தில் விட்டுவிட்டு ஃபோமை மட்டும் மாற்றுவதில் பொருளில்லை. துளையை உடனே எபாக்சியால் அடைத்துவிடுங்கள்.

பின்பாதியை மட்டும் எடுப்பது பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன். முன்பகுதி உலர்ந்திருந்ததால் அதைத் தொடாமல், இடையில் ஃபைபர் போர்த்திய ஒரு தடுப்பைக் கட்டினேன். ஏழு ஆண்டுகளுக்குப் பின் முன்பகுதியைச் சோதித்தபோது அது முந்தைய எடையிலேயே இருந்தது. ஆனால் அங்கு என் ஃபோமின் எடை லிட்டருக்கு 35 கிராம்தான், உங்களுடையது 60. அதாவது நீர் அங்கும் வந்து சேரத் தொடங்கிவிட்டது. முன்பக்கத்து ஃபோமை விட்டுவைக்க வேண்டுமானால், நடுவிலிருந்து முன்னோக்கி அரை மீட்டருக்கு ஒரு துண்டு வெட்டி எடைபோட்டு, 40 கிராமுக்குள் வரும் இடத்தில் எல்லையை வகுங்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காவிட்டால் முழுவதையும் எடுத்துவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். சில படகுகளில் ஃபோம் வெறும் மிதவைப் பொருள் அன்று; உள்தோலையும் வெளித்தோலையும் ஒட்டிப் பிடித்து, கூட்டுக்கு வலிமை தருவதே அதுதான். 1961இல் லைஃப் இதழில் நடுவே ரம்பத்தால் அறுக்கப்பட்டும் மிதந்த படகாகக் காட்டப்பட்ட பாஸ்டன் வேலர் இந்த வகையைச் சேர்ந்தது. அத்தகைய படகில் ஃபோமை வெறுமனே தோண்டி எடுத்தால் கூடு நெகிழ்ந்துவிடும். அதே அடர்த்தியுள்ள ஃபோமை மீண்டும் ஊற்றி இரு தோல்களையும் பிணைத்தாக வேண்டும். உங்கள் படகில் ஸ்ட்ரிங்கர்கள் தனியே இருப்பதாகத் தெரிவதால் இந்தக் கவலை குறைவு.

உளிச்சத்தம்

மேலே நண்பர் சொன்னதோடு முழுதும் உடன்படுகிறேன். தளத்தை வெட்டும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் திருத்தவே முடியாத தவறுகள் இந்தக் கட்டத்தில்தான் நேர்கின்றன.

தளத்தை எடுத்துவிட்டால் அடிக்கூட்டின் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்க ஒன்றும் இராது. டிரெய்லரின் உருளைகள் மேல் நிற்கும் படகில் தளத்தை வெட்டினால், உருளை தாங்கும் இடத்தில் கூடு உள்வாங்கி, அந்த வடிவத்திலேயே புதிய தளம் ஒட்டப்பட்டு, படகு நிரந்தரமாகக் கோணிவிடும். எனவே முதலில் அடிக்கூட்டின் வளைவுக்கேற்ப வெட்டிய மரத்தாங்கிகளை நான்கைந்து இடங்களில் கொடுத்து, ஏரா (அடிக்கூட்டின் நடுவே நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) நேராக நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். இரு விளிம்புகளுக்கும் இடையே மூன்று இடங்களில் அகலத்தை அளந்து குறித்து, குறுக்கே சட்டங்களையும் அடித்துவிடுங்கள். வேலை முடியும்வரை அந்த அளவுகள் மாறக் கூடாது.

எரிபொருள் தொட்டியை வெளியே எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பெட்ரோல் ஆவி முற்றிலும் வெளியேறிய பின்னரே ரம்பத்தை இயக்குங்கள். வட்டரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் தடிமனுக்கு மட்டும் அமைத்து, ஓரங்களில் 5 முதல் 7 சென்டிமீட்டர் வரை விளிம்பு விட்டு வெட்டுங்கள். புதிய தளத்தை ஒட்டுவதற்கு அந்த விளிம்பு தேவைப்படும். ஈர ஃபோமைத் தோண்டுவதற்குத் தட்டையான மண்வெட்டியும் நீண்ட கைரம்பமும் போதும். அடிக்கூட்டோடு ஒட்டிய கடைசிப் படலத்தைச் சுரண்டியால் எடுங்கள். அங்கே அவசரப்பட்டுக் கூட்டின் இழைகளைக் கீறிவிடக் கூடாது.

ஃபைபர்த் தூள் நுரையீரலுக்குக் கேடு. அதற்குரிய வடிகட்டி முகக்கவசம், கண்ணாடி, முழுக்கை உடை ஆகியவை இல்லாமல் ஒரு நிமிடமும் வேலை செய்யாதீர்கள். எடுத்த ஃபோமை எந்த நிலையிலும் எரிக்க வேண்டாம். பாலியூரித்தேன் எரியும்போது கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வெளிவரும்.

எல்லாம் வெளியே வந்தபின், நீர் எவ்வழியே வந்தது என்பதைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் வெளிக்கூட்டில் ஓட்டை இராது. இருக்கைக் கால்களின் திருகுத் துளைகள், மூடிகளின் ஓரம், தளத்துத் துளையையும் வெளிச்சுவரையும் இணைக்கும் குழாயின் விரிசல் ஆகிய வழிகளில் மழைநீர்தான் உள்ளே வந்திருக்கும். அதை அடைக்காமல் புதிய ஃபோமை ஊற்றினால் இதே கேள்வியை மீண்டும் ஒருமுறை கேட்க நேரும்.

நீர்மட்டம்

வணக்கம். அகற்றுவது பற்றி நண்பர்கள் நன்றாகவே சொல்லிவிட்டார்கள். மீண்டும் எதை, எங்கே வைப்பது என்பது பற்றி நான் எழுதுகிறேன். இதில் அளவைக் காட்டிலும் இடமே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அளவு. முழுதும் அமிழ்ந்த பொருளின் எடையைத்தான் ஃபோம் தாங்க வேண்டும்; வெளியே நிறுத்த எடையை அன்று. ஃபைபர் லேமினேட்டின் (ரெசினில் தோய்த்த இழை அடுக்குகளின்) அடர்த்தி நீரைப்போல ஒன்றரை மடங்கு; ஆகவே அமிழ்ந்த நிலையில் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சும். அலுமினியத்துக்கு இது 0.63, எஃகுக்கு 0.88. உங்கள் 420 கிலோ கூடு முழுவதும் ஃபைபர் என்றே கொண்டால் 140 கிலோ. உலர்ந்த மரம் தானே மிதப்பதால் உண்மையில் இன்னும் குறைவு. அமிழ்ந்த எஞ்சினுக்கு அதன் எடையில் முக்கால் பங்கு என்று வையுங்கள். 120 கிலோ எஞ்சின் என்றால் 90 கிலோ. பேட்டரிக்கும் பிற கருவிகளுக்கும் 40 கிலோ சேர்த்தால் 270 கிலோ ஆகிறது. நீரில் கழுத்தளவு அமிழ்ந்தபடி படகைப் பற்றியிருக்கும் ஆட்களுக்காக இன்னும் 100 கிலோ சேருங்கள். ஒரு கனமீட்டர் ஃபோம் நன்னீரில் 968 கிலோவைத் தாங்கும்; எனவே 370 கிலோவுக்கு 0.38 கனமீட்டர் போதும். தளத்தடி முழுவதையும் நிரப்பத் தேவையே இல்லை என்பதை இதிலிருந்து காணலாம்.

இனி இடம். ஃபோம் முழுவதும் தளத்துக்கு அடியில் மட்டும் இருந்து படகு நீரால் நிறைந்துவிட்டால், மிதப்பு கீழேயும் எடை மேலேயும் அமைந்துவிடும். அத்தகைய படகு நிமிர்ந்து நிற்காது. கவிழ்ந்து அடிப்பக்கத்தை வானுக்குக் காட்டியபடி மிதக்கும். படகு மூழ்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதில் இருந்தவர்கள் வழுக்கும் அடிக்கூட்டைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். ஆகவே தேவையான ஃபோமில் நல்லதொரு பங்கை இரு பக்கச் சுவர்களின் உட்புறத்தில், விளிம்புக்கு அடியில் எவ்வளவு உயரத்தில் முடியுமோ அவ்வளவு உயரத்தில் வையுங்கள். எஞ்சின் இருப்பதால் பின்பக்கமே முதலில் அமிழும். எனவே பின்பலகைக்கு இரு மருங்கிலும் கூடுதலாக வேண்டும். 20 அடிக்குக் குறைந்த அவுட்போர்டு படகுகள் நீர் நிறைந்த நிலையிலும் சமமாக மிதக்க வேண்டும் என்று அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் விதிகள் கோருவது இந்தக் காரணத்தால்தான்.

பொருளைப் பொறுத்தவரை, இரு திரவங்களைச் சம அளவில் கலந்து ஊற்றும் பாலியூரித்தேனுக்கு இன்னும் நல்ல இடம் உண்டு. எந்த வடிவத்தையும் அது நிறைக்கும், பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. ஆனால் மேற்பரப்பு முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். வெப்பநிலை 20 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. கலந்த சில நொடிகளிலேயே பொங்கத் தொடங்கிப் பல மடங்கு விரியும் என்பதால், மேலே போதிய துளை இல்லாத அடைபட்ட இடத்தில் ஊற்றினால் தளமே மேல்நோக்கிப் புடைத்துவிடும். வினையின்போது வெப்பமும் பிறக்கிறது. ஒரே முறையில் மிகுதியாக ஊற்றினால் உட்பகுதி கருகலாம், தீப்பற்றவும் கூடும். சிறு சிறு அடுக்காக ஊற்றி, ஒவ்வோர் அடுக்கும் ஆறியபின் அடுத்ததை ஊற்றுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலே மூச்சுத்திணறல் வரும். சாதாரணத் தூசிக் கவசம் அதைத் தடுக்காது. கரிம ஆவிக்குரிய வடிகட்டி பொருத்திய கவசம் தேவை.

பக்கச் சுவர்களுக்கு நான் பாலியெத்திலீன் ஃபோம் பலகைகளையே விரும்புகிறேன். விலை கூடுதல், பசையும் எளிதில் ஒட்டாது. ஆனால் அது நீரையும் ஏற்காது, பெட்ரோலுக்கும் அசையாது. அழுத்தி வார்த்த பாலிஸ்டைரீன் பலகையும் நீரை நன்கு தடுக்கும். பெட்ரோலும் பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனும் பட்டால் மட்டும் கரைந்துவிடும். அதை எபாக்சியால் போர்த்தி வைக்கலாம். மணிமணியாக இருக்கும் சாதாரணத் தெர்மாகோலை வேண்டாம் என்பேன். மணிகளுக்கு இடையிலான இடுக்குகளில் நீர் புகுந்துவிடும்.

ஏரிக்காற்று

பின்பலகையைத் துளையிட்டுப் பார்த்தேன். தூள் உலர்ந்தே வந்தது, மனம் நிம்மதியடைந்தது. ஆனால் இடப்பக்க ஸ்ட்ரிங்கரின் பின்முனை கறுத்திருக்கிறது. நீர்மட்டம் ஐயா எழுதியதைப் படித்தபின், ஃபோமின் ஒரு பகுதியைப் பக்கச் சுவர்களுக்கு மாற்றுவது என்றும், தளத்தடியில் உள்ள அனைத்தையும் எடுத்துவிடுவது என்றும் முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஓர் ஐயம்: தளத்தடியில் மீண்டும் ஊற்றும் ஃபோம் அடிக்கூட்டை முழுதும் தொட்டுக்கொண்டு இருக்கலாமா?

மரமும் ரெசினும்

இருக்கக் கூடாது. ஏராவின் நெடுகிலும் நீர் ஓடுவதற்கு ஒரு வழி விட வேண்டும். உங்கள் பழைய ஃபோம் கெட்டதற்கு அந்த வழி இல்லாமற் போனதே முதற்காரணம் என்று நினைக்கிறேன். பின்பக்கத்தில் 640 கிராமும் முன்பக்கத்தில் 60 கிராமும் வந்ததே அதற்குச் சான்று. ஒரு பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, கவிழ்த்து வைத்து, ஏரா மேல் அணியத்திலிருந்து வடிகால் அடைப்பான் வரை ஒட்டிவிட்டு, அதன் மேல் ஃபோமை ஊற்றுங்கள். ஸ்ட்ரிங்கர்களின் அடியிலும் குறுக்குச் சட்டங்களிலும் நீர் கடக்கும் துளைகளை வெட்டி, வெட்டிய மரமுகம் ஒவ்வொன்றையும் எபாக்சியால் இருமுறை பூசிவிடுங்கள். மரம் நீரைக் குடிப்பது பெரும்பாலும் பூசாமல் விட்ட அந்த வெட்டுமுகங்களில்தான். கறுத்த ஸ்ட்ரிங்கரை நல்ல மரம் தெரியும் இடத்துக்கும் ஒரு சாண் அப்பால் வரை வெட்டி எடுத்து, இரு முனைகளையும் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும் சரிவு இணைப்பாகப் புதியதைப் பொருத்துங்கள். சரிவின் நீளம் தடிமனைப்போல 12 மடங்கு இருந்தால் இணைப்பு உறுதியாக நிற்கும்.

கரையில் நிறுத்தும்போது அணியம் உயர்ந்தே இருக்கட்டும். வடிகால் அடைப்பான் கழன்றே இருக்கட்டும். திருகு மூடிகளையும் நிரந்தரமாக அடைத்துவிடாமல், திறக்கும்படியே விட்டுவையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பின்பக்கத்து மூடியைத் திறந்து ஒரு சிறு துண்டை வெட்டி, அளந்து, எடைபோட்டுக் குறித்துவையுங்கள்.